ஐயாவின் பதினோரு சுருள்கள்

அந்தப் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறியது வினிகர் வாடை. யாரோ ஊறுகாயை வைத்து மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மேலே கிடந்த துணியை விலக்கினால், உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சின்னப் படச்சுருள்கள், பதினொன்று. சில மஞ்சள் அட்டைப் பெட்டிக்குள் இருந்தன, மற்றவை வெறுமனே கிடந்தன. ஒரு பெட்டியில் மட்டும் நீல மசியில் ஐயாவின் கையெழுத்து: ‘ஊர், பொங்கல்’.

2022-ல், முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் படைப்புக்காக ஊருக்குப் போயிருந்தோம். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் இப்போது யாரும் குடியில்லை. வருடத்துக்கு இரண்டு முறை திறந்து, பெருக்கி, சாமி கும்பிட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவோம். மாடி அறைப் பெட்டகத்தில் பாத்திரம் தேடும்போதுதான் இந்த டின் கிடைத்தது. பக்கத்திலேயே துணி சுற்றிய ஒரு புரொஜெக்டர். கேமரா எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஐயா என்றால் என் அப்பாவின் அப்பா. பினாங்குக்குக் கொண்டுவிக்கப் போனவர். கடல் கடந்து தொழிலுக்குப் போவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று வருடக் கணக்கு அங்கே, பிறகு சில மாதம் ஊரில், மறுபடி கப்பல். எனக்கு நாலு வயதிருக்கும்போது இறந்துபோனார். அவர் மடியில் உட்கார்ந்த ஞாபகம் கொஞ்சம் இருக்கிறது, முகம் சரியாக ஞாபகமில்லை. அவர் படம் எடுத்தார் என்பது எனக்குப் புதிதாக இருந்ததே தவிர, பெரிய அதிசயமாகத் தோன்றவில்லை. பக்கத்துக் கோட்டையூரில் பிறந்த பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தி இருக்கும் படச்சுருள்களைத் தேடி உலகத்தையே சுற்றினார். ஏவி.எம். ஸ்டூடியோ 1940-களில் காரைக்குடியில்தான் இருந்தது. எங்கள் வட்டாரத்துக்குக் கேமரா அந்நியமான பொருளாக இருந்ததில்லை.

அன்று ராத்திரியே ஒரு தவறு செய்தேன். இதைப் படிப்பவர் யாரும் அதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே முதலில் சொல்கிறேன். புரொஜெக்டரைத் துடைத்து, மின்சாரம் கொடுத்து, பல்பு எரிந்ததைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே ஆர்வம். ‘ஊர், பொங்கல்’ சுருளை மாட்டி, வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், சுவரில் ஒரு வேட்டியைக் கட்டி ஓட்டினோம். சுவரில் ஒரு சின்னப் பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் கடகடவென்று சத்தம், படம் நின்றது. நின்ற சட்டத்தின், அதாவது ஃபிரேமின், நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி தோன்றிப் பெரிதானது. பல்பின் சூட்டில் படம் உருகிக்கொண்டிருந்தது. பிடுங்கி எடுப்பதற்குள் ஒரு முழ நீளத்துக்கு, புரொஜெக்டரின் பற்கள் மாட்டும் ஓரத் துளைகள் கிழிந்துவிட்டன. அறுபது வருடத்துக்கு மேல் பெட்டகத்துக்குள் பத்திரமாக இருந்ததில் சில நொடிகளை என் அவசரம் தின்றுவிட்டது. இப்போதும் அந்த இடம் வரும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்து வீட்டுப் படச்சுருள்கள் அசிட்டேட் என்ற பொருளால் ஆனவை. சூட்டிலும் ஈரத்திலும் பல வருடம் கிடந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். வினிகர் வாடைக்குக் காரணம் அதுதான். சிதையும் படம் சுருங்கும், சுருங்கினால் அதன் துளைகளுக்கும் புரொஜெக்டரின் பற்களுக்கும் இடைவெளி பொருந்தாது. ஓட்டினால் கிழியத்தான் செய்யும். ஒரு சுருளில் தொடங்கும் சிதைவு, மூடிய டப்பாவுக்குள் மற்றவற்றையும் வேகப்படுத்தும். ஆகவே டின்னைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை முகர்ந்து பார்ப்பது. வாடை அடிக்கும் சுருளைத் தனியாக எடுத்து வையுங்கள். எங்களிடம் அப்படி மூன்று இருந்தன. வாடை வந்துவிட்டால் அதைத் திருப்ப வழியில்லை, முந்திக்கொண்டு நகல் எடுக்கத்தான் முடியும். அந்த மூன்றும் வரிசையில் முதலில் போக வேண்டியவை.

இரண்டாவது தவறும் அவசரத்தில் நடந்ததுதான். பழைய படத்தை டிவிடியாக மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு கடையில் இரண்டு சுருளைக் கொடுத்தேன். அவர்கள் அதைத் திரையில் ஓட்டி, திரையை வீடியோ கேமராவில் எடுத்திருக்கிறார்கள். நாலு ஓரமும் வெட்டுப்பட்டு, நடுப்பகுதி வெளுத்து, கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடின. அதைவிட மோசம் வேகம். அப்பத்தா வளவைத் தாண்டி நடப்பது குதித்துக் குதித்து ஓடுவது போல் இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேகத்தைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டும். பழைய படத்தில் மனிதர்கள் அப்படித்தான் வெடுக்கு வெடுக்கென்று நடப்பார்கள் என்று நாம் பழகிவிட்டோம். அந்த நாளைய எட்டு மில்லிமீட்டர் கேமரா நொடிக்கு 16 சட்டங்கள் எடுக்கும். அதை நொடிக்கு 24 சட்டமாக ஓட்டினால் எல்லோரும் ஒன்றரை மடங்கு வேகத்தில் நடப்பார்கள். 1965-ல் வந்த சூப்பர் 8 என்றால் நொடிக்கு 18. பிறகு ஒழுங்காக ஸ்கேன் செய்து 16-ல் ஓட்டியபோது அப்பத்தா நடந்தார். இடுப்பில் குடம், இடது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி, நிதானமாக. என் அப்பாவும் கடைசி வருடங்களில் அப்படித்தான் நடந்தார். வேகத்தைத் திருத்தாமல் விட்டிருந்தால் அந்த நடை எனக்குக் கிடைத்திருக்காது.

ஸ்கேன் செய்யக் கொடுக்கும் முன் சில கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு சட்டமாகப் படம் பிடிக்கிறார்களா, அல்லது ஓட விட்டு எடுக்கிறார்களா? இயந்திரம் பற்சக்கரத்தால் இழுக்கிறதா, உருளைகளால் இழுக்கிறதா? சுருங்கிய படத்துக்கு உருளைதான் பாதுகாப்பு. சட்டத்தின் ஓரத்தைத் தாண்டியும் கொஞ்சம் சேர்த்து எடுத்துத் தருவார்களா? நிறத்தைத் திருத்தாத மூலக் கோப்பைத் தனியாகத் தருவார்களா? சுருளையும் பெட்டியையும் அப்படியே திருப்பித் தருவார்களா? இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் கொடுங்கள். எனக்கு அப்படி ஒருவர் கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. காத்திருந்தது நல்லதுதான்.

காத்திருந்த மாதங்களில் சுருள்களைத் தேதிப்படி அடுக்கப் பார்த்தேன். கோடக் படச்சுருளின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் அச்சாகியிருக்கும். தயாரான வருடத்தைக் குறிக்கும் அடையாளம் அவை. ஒரே குறி இருபது வருடத்துக்கு ஒரு முறை திரும்ப வரும். ஒற்றை வட்டம் 1936 அல்லது 1956. ஒற்றைச் சதுரம் 1937 அல்லது 1957. எங்கள் வீட்டில் யார் எப்போது பிறந்தார் என்று தெரியும் என்பதால் எந்த இருபது வருடம் என்பதில் குழப்பமில்லை. பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எங்களுடைய கோடக் சுருள்கள் 1956-லிருந்து 1964 வரை. ஆனால் அது படச்சுருள் தயாரான வருடம், எடுத்த வருடம் ஒன்றிரண்டு தள்ளி இருக்கலாம். பெட்டிமேல் இருந்த தபால் முத்திரை இரண்டு இடத்தில் உதவியது. அதனால்தான் சொல்கிறேன், காலிப் பெட்டிகளைக்கூடக் குப்பையில் போடாதீர்கள்.

அந்தப் படச்சுருளின் அமைப்பே ஒரு தனி அழகு. 16 மில்லிமீட்டர் அகலம், 25 அடி நீளம். முதலில் ஒரு பாதி அகலத்தில் மட்டும் படம் பதியும். ஓடி முடிந்ததும் நிழலில் நின்று கேமராவைத் திறந்து, சுருளைத் திருப்பிப் போட வேண்டும், மறுபாதியில் பதியும். கழுவிய பிறகு நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஒட்டினால் 50 அடி, ஏறத்தாழ நாலு நிமிடப் படம். திருப்பும்போது வெளிச்சம் பட்ட இடம் ஆரஞ்சு நிறத்தில் தீப்பிடித்தது போல் இருக்கும். எங்கள் சுருள் ஒவ்வொன்றின் நடுவிலும் அந்தத் தீ வருகிறது. ஒரு சுருளை ஐயா மறந்துபோய் இன்னொரு முறையும் போட்டுவிட்டார் போலிருக்கிறது. கப்பல் தளமும் எங்கள் வளவும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்திருக்கின்றன. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையில் ஓடிய ரஜூலா கப்பல் அது என்று ஐயாவின் மகளான என் அத்தை சொன்னார். தளத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் சனங்களுக்கு நடுவே, எங்கள் வளவுத் தூண்கள் கண்ணாடி போல நிற்கின்றன. அப்பத்தா அந்தத் தூணோரம் உட்கார்ந்து அலைமேல் அரிசி புடைக்கிறார். தவறி விழுந்த அந்த ஒரு நிமிடம்தான் ஐயாவின் வாழ்க்கையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது.

கணக்குப் போட்டால் பதினோரு சுருளும் சேர்ந்து முக்கால் மணி நேரம் வராது. எட்டு வருடத்துக்கு அவ்வளவுதான். ஒவ்வொரு காட்சியும் ஐந்தாறு நொடி. சுருளுக்குக் கொடுத்த காசு, தபாலில் அனுப்பிக் கழுவி வரக் காத்திருந்த வாரங்கள், எல்லாம் அந்த ஐந்து நொடிச் சிக்கனத்தில் தெரிகின்றன.

முதலில் முழுவதையும் நான் தனியாகத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. வளவு முழுக்க வெயில். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பளபளக்கிறது. தூணுக்குத் தூண் பிள்ளைகள். கண்டாங்கிச் சேலையில் அப்பத்தா வற்றல் காயப்போடுகிறார். திண்ணை போன்ற பட்டாலையில் நாலு பெரியவர்கள் விசிறியோடு உட்கார்ந்து சிரிக்கிறார்கள். யாரும் எதற்கும் அவசரப்படவில்லை. ஆகா, இப்படியல்லவா இருந்திருக்கிறார்கள், நாம் இரண்டு படுக்கையறை வீட்டில் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு என்ன வாழ்க்கை வாழ்கிறோம் என்று மனசு கனத்துப்போனது. அந்த ஏக்கம் பொய் இல்லை, இப்போதும் அது என்னிடம் இருக்கிறது. ஆனால் அதைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அத்தை.

சுவரில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓடிய அந்தச் சின்னப் பெண் அத்தைதான். 1956-ல் அவருக்குப் பத்து வயது. நான் படத்தைக் கொண்டுபோனபோது எழுபத்தேழு. காரைக்குடியில் இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கல், ஞாபகம் கூர்மை. காலையில் பலகாரம் முடித்து, டிவியில் படத்தை ஓட்டி, பக்கத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வைத்தேன். வீட்டுப் படங்களில் அந்தக் காலத்தில் ஒலி கிடையாது. பார்ப்பவர் பேசுவதுதான் இனி அந்தப் படத்தின் ஒலி. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள், சுருள்கூடக் கொஞ்சம் காத்திருக்கும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடப் படத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று இரண்டாம் நாளே புரிந்தது. அத்தைக்கு அதற்கே இரண்டு மணி நேரம் பேச இருந்தது. கூட்டமாக உட்காரவும் கூடாது. பேரப்பிள்ளைகள் சுற்றி இருந்தால் அவர்களைச் சிரிக்க வைப்பதற்காகவே அத்தை பேசினார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அவர் சொன்னது வேறு. இன்னொன்று, ‘இது யார்?’ என்று மட்டும் கேட்டால் ஒரு பெயரோடு நின்றுவிடும். ‘அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது?’ என்று கேளுங்கள்.

நான் கேட்டேன். படத்தில் வளவின் ஓரத்தில், வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போகும் கதவு கறுப்பாக ஒரு செவ்வகம் போலத் தெரிகிறது. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அங்கதான் நாங்க இருந்தோம்” என்றார்.

“நீங்க இங்கே ஓடுறீங்களே அத்தை.”

“அப்பச்சி கூப்பிட்டா வந்து ஓடுவோம். எடுத்து முடிச்சதும் உள்ள போயிருவோம். ஆத்தா எந்நேரமும் அங்கதான். அடுப்படியில.”

அப்பச்சி என்றது ஐயாவை, ஆத்தா என்றது அப்பத்தாவை. பிறகு அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒரே கூரைக்குள் நாலு அடுப்பு. கல்யாணமான மகனுக்கு வேறு வைத்துவிடுவார்கள், அவனவன் மனைவி தனி உலை வைக்க வேண்டும். அப்பத்தா விடியுமுன் எழுந்தால் விறகடுப்புப் புகையில் கண் சிவந்து வெளியே வர உச்சி வேளை ஆகும். ஆட்டுக்கல், அம்மி, உரல் எல்லாம் உள்கட்டில். ஐயா பினாங்கில் இருக்கும் மூன்று வருடமும் வளவில் ஆண் குரல் அதிகம் கேட்காது. பணம் வரும், கடிதம் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டியவர் அப்பத்தா ஒருவர்தான். வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தார், இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். ஐயாவின் சின்னம்மா. பதினோரு சுருளில் அவர் ஒரு இடத்தில்கூட இல்லை. கேமரா வெளியே வந்தாலே அவர் உள்ளே போய்விடுவாராம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கோடக்கின் வண்ணச் சுருளான கோடாகுரோமுக்கு அந்தக் காலத்தில் ஒளி உணர்திறன் வெறும் 10. எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் வேண்டும். 1961-ல் வந்த புது வகைக்குக்கூட 25தான். இன்று நம் கைப்பேசி வீட்டுக்குள் எடுக்கும்போது பல நூறுக்குத் தானாகவே போய்க்கொள்கிறது. 10-ஐ வைத்துக்கொண்டு வீட்டுக்குள் எடுக்க வேண்டுமென்றால் சினிமாவுக்கு வைப்பது போல் விளக்கு வைக்க வேண்டும். ஆக ஐயாவால் வெயில் விழும் இடத்தில் மட்டுமே எடுக்க முடிந்தது. வெயில் விழும் இடம் வளவும் முகப்பும்தான், அவை பெரும்பாலும் ஆண்களும் பிள்ளைகளும் உட்காரும் இடம். பெண்களின் வேலையில் படத்துக்கு வந்தது வற்றல் காயப்போடுவதும் அரிசி புடைப்பதும் மட்டும், ஏனென்றால் அவை மட்டும்தான் வெயிலில் நடந்தன. உலை, புகை, பிள்ளைப்பேறு, காய்ச்சல், கடிதம் படிக்கும் ராத்திரி எல்லாமே இருட்டுக்குள் இருந்தன. இன்னும் ஒன்று, ஐயா ஊரில் இருக்கும் மாதங்களில்தான் கேமராவும் ஊரில் இருந்தது. விருந்தும் கல்யாணமும் பொங்கலும் அந்த மாதங்களுக்குத்தான். அவர் இல்லாத மூன்று வருடத்தை எடுக்க யாருமில்லை. நான் ஏங்கிய அந்த வாழ்க்கை, ஒருவர் விடுமுறையில் வந்திருந்த நாட்களின் வெயில்.

நிறமும் அப்படித்தான். நாலு சுருள் கோடக் அல்லாத வேறு ஏதோ வகை. அவை ஒரேயடியாக ரோஜா நிறமாகிவிட்டன. முதலில் எனக்கு அவைதான் அதிகம் பிடித்திருந்தன, கனவு போல இருந்ததால். உண்மையில் அந்த நிறம், மற்றச் சாயங்கள் மங்கிப்போனதன் மிச்சம். கோடாகுரோம் இருட்டில் கிடந்தால் நிறத்தை நன்றாகக் காப்பாற்றும். அந்தச் சுருள்களில் அத்தையின் பாவாடை நேற்றுக் கடையில் எடுத்தது போல நீலமாக இருக்கிறது. வெற்றிலைக் கறை சிவப்பாக இருக்கிறது. அவர்கள் மங்கிய உலகத்தில் வாழவில்லை. இப்போது கைப்பேசியில் பழைய படம் போல் ஆக்கும் வசதி வரும்போதெல்லாம் எனக்கு அந்த நீலப் பாவாடை ஞாபகத்துக்கு வரும்.

அத்தையின் கல்யாணம் 1964-ல். கடைசிச் சுருள். சாமான் பரப்பியிருப்பதை ஐயா ஓரத்திலிருந்து ஓரம் வரை எடுத்திருக்கிறார். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், எனாமல் வாளிகள், தூக்குகள், கட்டுக்கட்டாகப் பாய், தலையணை. நாற்பது நொடி. மணப்பெண் வருவது ஆறு நொடி. “சட்டிக்கு நாற்பது, எனக்கு ஆறா” என்று அத்தை சிரித்தார். பிறகு அவரே, “பாவம், அந்தச் சட்டிக்குத்தான மூணு தடவ கப்பலேறுனாரு” என்றார். அதன் பிறகு அந்த நாற்பது நொடியை நான் அலுப்போடு பார்ப்பதில்லை.

ஐந்தாவது சுருளில் ஓரிடம் முழுக்கக் கறுப்பு. நடுவில் மூன்று நாலு வெளிச்சப் பொட்டுகள் ஆடுகின்றன. பழுதான பகுதி என்று ஸ்கேன் செய்தவர் குறித்திருந்தார், நானும் அப்படித்தான் நம்பினேன். அத்தை பார்த்ததும் கை கூப்பினார். பிள்ளையார் நோன்பு. கார்த்திகைக்கு இருபத்தோராம் நாள் வரும் எங்கள் நோன்பு. மாவில் பிள்ளையார் பிடித்து, இருபத்தோரு இழைத் திரியை அதில் ஏற்றி, பெரியவர் எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பொழுது சாய்ந்துதான் செய்வார்கள். படம் பதியாது என்று தெரிந்தும் ஐயா அதை எடுத்திருக்கிறார். ஒவ்வொரு பொட்டும் எங்கள் வீட்டு மனிதர் ஒருவரின் கையில் இருந்த சுடர். யாருடைய கை என்று அத்தை உட்கார்ந்திருந்த வரிசையை வைத்துச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். எதையும் ‘ஒன்றுமில்லாத பகுதி’ என்று வெட்டச் சொல்லாதீர்கள்.

இப்போது சுருள்கள் சென்னையில் என் வீட்டில், வெயில் படாத சுவர் அலமாரியில் இருக்கின்றன. துருப்பிடித்த டின்னை மாற்றி, காற்றுப் போகும் பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு, வாடை அடித்த மூன்றையும் வேறு அறையில் வைத்திருக்கிறேன். ஸ்கேன் ஆகிவிட்டதே, இனி எதற்கு என்று கேட்கிறார்கள். வன்தட்டு எத்தனை வருடம் உழைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நல்ல நிலையில் உள்ள சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எந்தக் கருவியும் இல்லாமல் அப்பத்தா தெரிவார். கோப்புகள் மூன்று பிரதிகள், ஒன்று தம்பி வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். கூடவே ஒரு நோட்டு: சுருள் எண், நிமிடம், நொடி, யார், எங்கே, அத்தை சொன்னது என்ன. படத்தைவிட இந்த நோட்டைத்தான் நான் அதிகம் எடுத்துப் படிக்கிறேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து கேட்டேன். ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அவர்கள் தாயார் கடைசியாக நடமாடிய நாட்கள் அதில் இருந்தன. அந்தப் பகுதியை அவர்களுக்கு மட்டும் தனியாக அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அவர்களே கூப்பிட்டு, எல்லோருக்கும் காட்டலாம் என்றார்கள். கேட்காமல் போட்டிருந்தால் அந்த அழைப்பு வந்திருக்காது.

ஒரு விஷயம் எனக்குப் புரியாமலே இருந்தது. பல காட்சிகளில் எல்லோரும் முதலில் நிழலில் அசையாமல் நிற்கிறார்கள், சாதாரண போட்டோ என்று நினைத்து. பிறகு யாரோ ஏதோ சொன்னது போல ஒரே நேரத்தில் நாலடி முன்னால் வருகிறார்கள். கண் கூசுகிறது. நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஐயா என்ன சொல்வார் என்று கேட்டேன்.

“‘வெயிலுக்கு வாங்க, வெயிலுக்கு வாங்க’ம்பாரு. வேறென்ன” என்றார் அத்தை.

போன டிசம்பரில் பிள்ளையார் நோன்புக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் தரையில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தார். மேலே ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. வாசலில் நின்றபடி கைப்பேசியை உயர்த்தினேன். அதைப் பார்த்ததும் அத்தை கையில் ஒட்டிய மாவை வழித்துப் போட்டுவிட்டு, முழங்காலில் கை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

“இருப்பா, வெயிலுக்கு வர்றேன்.”

“வேண்டாம் அத்தை. அங்கேயே இருங்க.”

“இங்க இருட்டா இருக்கே?”

“நல்லாத் தெரியுது அத்தை. நீங்க பிசைங்க.”